பழமைக்கு எத்தனை நிறம்?

கிழக்கே கடலும் மேற்கே வயலும் காவலிருக்க, நடுவே நீண்டு கிடக்கும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பூவோடு பூ தொடுத்தாற்போல் ஊரோடு ஊர் தொடர்ந்து அமைந்த நமது கரையோரத்திலே, உப்புக்காற்றுக்குத் தப்பிப் பிழைத்த பழைய இரும்பு எதுவாயினும் அது நம் மரியாதைக்குரியதே. அறுபது ஆண்டு கடந்தும் ஓடுகின்ற ஒரு மொறிஸ் மைனரையோ ஒஸ்டினையோ காணும்போது, அதனை உருவாக்கிய ஆங்கிலத் தொழிற்சாலையை மட்டுமன்றி, அதனைத் துருவிடமிருந்து ஆண்டுதோறும் மீட்டு வந்த நம்மூர்க் கராஜ்க்காரரின் கைகளையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1960களிலும் 1970களிலும், 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரைக்கும், இருந்த காரைப் பேணிக்கொள்வதைத் தவிர இலங்கையருக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. அந்த நிர்ப்பந்தமே இன்று நமக்கு ஒரு செல்வமாக வாய்த்திருக்கின்றது.

அத்தகைய காரொன்று ஒரு கலியாணத்திற்கு வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். நம் பகுதி வழக்கப்படி பெண்வீட்டிலே சென்று வாழப்போகின்ற மாப்பிள்ளையை ஏற்றிச் செல்வதற்கென்று, மல்லிகைச் சரம் சுற்றிய சிவப்பு மொறிஸ் மைனர் ஒன்று வாசலில் நிற்கின்றது. படம் பிடிக்கும் தம்பி, தம் டிஜிட்டல் கமராவில் எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, ‘விண்டேஜ்’ என்று பெயர் சூட்டப்பட்ட பொத்தானை அழுத்துகின்றார். நொடிப்பொழுதில் வானமும் மதிலும் காரும் மாப்பிள்ளையின் தொப்பியும் தேயிலைச் சாயத்திலே தோய்த்தெடுத்தாற்போல் ஒரே கபில நிறமாகின்றன. அதை வாங்கிப் பார்க்கும் மூத்தவாப்பா ஒருவர், “நல்லாத்தான் இருக்கு மகன்; ஆனா நம்மட காலத்துப் படம் இந்த நிறத்தில இருக்கல்லையே” என்கின்றார்.

அவர் சொன்னது வெறும் முதுமையின் பேச்சன்று. அதனுள்ளே இரசாயனமும் பௌதிகமும் சரித்திரமும் அடங்கியுள்ளன. பழைய படத்தின் சாயல் என்று நாம் கூறுவது ஒருவர் விருப்பம்போல் பூசிய வர்ணம் அன்று. அந்தந்தக் காலத்தின் உப்பும் கண்ணாடியும் பசையும் சாயமும் தாமே எழுதிவைத்த கையெழுத்து அது. ஒவ்வொரு தசாப்தத்திற்கும் அக்கையெழுத்து வேறு. அதனை வாசிக்கக் கற்றவரே, புதுப்படத்தைப் பழமைபோலச் செய்யும்போது உண்மைக்கு அருகிலே நிற்பவராவார். கல்லாதவர் எல்லாக் காலத்தையும் ஒரே சாயத்தொட்டியில் அமிழ்த்துபவராவார்.

முதலில் அந்தக் கபில நிறத்தையே எடுத்துக்கொள்வோம். 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிவந்த ஒளிப்படக்கலை, அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வெள்ளி என்னும் உலோகத்தின் தயவிலேயே வாழ்ந்தது. வெள்ளி புரோமைட்டு முதலிய உப்புக்களின் நுண்பளிங்கொன்றின்மீது ஒளி பட்டதும், நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் ஒன்றுகூடிக் கண்ணுக்குப் புலனாகாத ஒரு புள்ளியாகின்றன; டெவலப்பர் எனப்படும் திரவத்தில் இட்டவுடன், அந்தப் புள்ளியை வித்தாகக் கொண்டு அப்பளிங்கிலுள்ள கோடானுகோடி அணுக்களும் உலோக வெள்ளியாக மாறிவிடுகின்றன. இவ்வாறு துலக்கப்பட்ட வெள்ளி, பஞ்சிழைபோலச் சிக்குண்டு கிடப்பதால் ஒளியை எல்லாத் திசையிலும் சிறைப்படுத்திக் கருமையாகத் தோன்றுகின்றது. ஆனால் 1850ஆம் ஆண்டளவில் அறிமுகமாகிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஆட்சி செலுத்திய முட்டை வெண்கருத் தாளிலே, டெவலப்பர் இன்றி, வெயிலின் வலிமையினாலேயே பிம்பம் பதியவைக்கப்பட்டது. அங்கே விளையும் வெள்ளித் துணிக்கைகள் மிகமிகச் சிறியவை. அவ்வளவு சிறிய துணிக்கைகள் நீலக் கிரணத்தை அதிகம் விழுங்குவதனால் பிம்பம் கபிலமாகவும் செவ்வூதாவாகவும் தோன்றும். ஒரே உலோகம், துணிக்கையின் பருமன் மாறியவுடன் தன் நிறத்தையும் மாற்றிக்கொள்கின்றது.

கபிலத்திற்கு இன்னொரு வழியும் உண்டு. துலக்கிய கறுப்புவெள்ளைப் படத்தை ஒருவகை வெளிற்றுக் கரைசலில் இட்டு அதன் வெள்ளியை மீண்டும் வெள்ளி புரோமைட்டாக்கிப் பின்னர் சோடியம் சல்பைட்டுக் கரைசலில் தோய்த்தால், அழுகிய முட்டையின் நாற்றத்தினூடே கபில நிற வெள்ளி சல்பைட்டு உருவாகும். ‘செப்பியா’ என்று இன்று ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் ஒரு பொத்தானாக இருப்பது இந்தப் பழைய தொழிலின் பெயரே. அழகு ஒன்றே அதன் நோக்கமாக இருக்கவில்லை. உலோக வெள்ளியைவிட வெள்ளி சல்பைட்டு காற்றின் தாக்குதலை அதிகம் தாங்கும். ஆதலின் செப்பியாப் படம் நீடித்து வாழும் என்று ஸ்டூடியோக்காரர் அறிந்திருந்தனர். முதுமையின் அடையாளம் என்று நாம் மயங்கும் அந்நிறம் உண்மையில் முதுமையைத் தடுப்பதற்காக இடப்பட்ட கவசம் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, நிறத்தைவிட ஆழமான வேற்றுமை ஒன்றுண்டு: வெள்ளி உப்புப் பூசிய பழைய கண்ணாடித் தட்டு உலகத்தைப் பார்த்த கண்ணே வேறு. வெள்ளி உப்புக்கள் இயல்பிலே நீலக் கிரணத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்வன. பச்சை அவற்றுக்கு மங்கல், சிவப்போ முழு இருள். 1873ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்பு பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தட்டுக்கள் 1906ஆம் ஆண்டிலேதான் வணிகத்திற்கு வந்தன. அதன் பின்னும் பல தசாப்தங்கள், சிவப்பைக் காணாத பிலிமே எளிய கமராக்களில் பெரிதும் வழங்கிற்று. ஆகவே பழைய படங்களில் வானம் வெறும் வெண்மையாக இருப்பதும், முகில் காணப்படாமையும் அன்றைய பருவநிலையின் குற்றமல்ல. நீல வானமும் வெண்முகிலும் அந்தத் தட்டுக்கு ஒன்றாகவே தோன்றின.

இவ்வுண்மைக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஒரு சான்றுண்டு. ஆங்கில ஒளிப்படக் கலைஞருள் தலைசிறந்தவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். களுத்துறைப் பகுதியில் இருந்தபோது உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். அவர் கையாண்ட ஈரத் தட்டு நீலத்தை மட்டும் காண்பது. நமது சருமமோ நீலத்தைவிடச் சிவப்பையே மிகுதியாகப் பிரதிபலிப்பது. ஆதலின் அக்காலத் தட்டுகளில் நம்மவர் முகங்கள் உள்ளதினும் கருமையாகவே பதிந்தன. நம் முன்னோர் படங்களில் நாம் காணும் கருமையில் ஒரு பகுதி அவர்களுடையதன்று, தட்டினுடையது. விஞ்ஞானம் அறியாவிடில், கருவியின் குருட்டை மனிதரின் நிறமென்று நம்பிவிடுவோம்.

இப்போது டிஜிட்டல் படத்திற்கு வருவோம். கொடக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, இன்றைய கமராவின் உணரியிலே ஒவ்வொரு நுண்கலத்தின் மீதும் ஒரு நிறவடி இடப்பட்டுள்ளது: நான்கு கலங்களில் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. இறுதியிலே ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக, 0 முதல் 255 வரையிலான அளவிலே சேமிக்கப்படுகின்றது. கறுப்புவெள்ளையாக மாற்றும்போது சாதாரண மென்பொருள், மனிதக் கண்ணின் சுபாவத்தை ஒட்டி, சிவப்பில் ஏறத்தாழ 30 சதவீதமும், பச்சையில் 59 சதவீதமும், நீலத்தில் 11 சதவீதமும் எடுத்துக் கூட்டுகின்றது. இது நவீனக் கண். பழைய தட்டின் கண்ணன்று.

உதாரணத்திற்கு நம் கலியாணக் காரையே நோக்குவோம். அதன் சிவப்பு உடலின் எண்கள் 200, 30, 30 என்றும், பின்னாலுள்ள வயற்பச்சை 90, 150, 50 என்றும், வானம் 120, 170, 235 என்றும் கொள்வோம். வழக்கமான கணக்கின்படி கார் 81 ஆகவும், வயல் 121 ஆகவும், வானம் 162 ஆகவும் சாம்பல் நிறங்களாகின்றன. மூன்றும் சாந்தமாக அருகருகே நிற்கின்றன. ஆனால் நீல வாய்க்காலை, அதாவது நீலத்துக்குரிய எண்ணை, மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கினால், கார் 30, வயல் 50, வானம் 235! சிவப்புக் கார் கருங்காலி போலாகின்றது, வயல் இருள்கின்றது, வானம் வெண்தாளாகின்றது. கமரன் அம்மையாரின் தட்டு இக்காரைக் கண்டிருந்தால் ஏறக்குறைய இவ்வாறே கண்டிருக்கும். நீலமும் பச்சையும் கலந்து எடுத்தால் அடுத்த தலைமுறைப் பிலிமின் பார்வை கிட்டும். போட்டோஷொப்பிலும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இதற்கென ‘சனல் மிக்சர்’ என்றொரு கருவி உண்டு. கபிலப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் அதனைத் திறந்து பார்ப்பதே தொழிலறிந்தவர் செயல்.

ஆயினும், மொறிஸ் மைனருக்கு அந்தப் பழைய தட்டின் கண் பொருந்துமா என்பதே அடுத்த வினா. அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியிலே முதன்முதலாக வைக்கப்பட்டது. 1971 வரை 16 இலட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாக எண்ணிய இஸிகோனிஸ், அதனை நடுவே இரண்டாக வெட்டுவித்து, பொருத்தம் கண்ணுக்குச் சரியாகும்வரை பிரித்து வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவிலே ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் தழும்பே. இக்கார் பிறந்த காலத்தில் முட்டைத் தாள் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. கபிலம் தோய்க்கும் வழக்கமும் அருகி வந்தது. அப்போது வழங்கிய புரோமைட்டுத் தாள் தூய கறுப்பும் தூய வெள்ளையும் தந்தது. 1944இல் மறைந்த கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட், 1930களிலேயே அத்தாளின் கருமைக்குள் எத்தனை ஆழங்கள் உண்டு என்று உலகுக்குக் காட்டிவிட்டார். ஆகவே 1955ஆம் ஆண்டின் மொறிஸ் மைனரைக் கபிலத்தில் தோய்ப்பது, பேரனுக்கு முப்பாட்டனின் உடுப்பை அணிவிப்பதற்கு ஒப்பாகும். வெள்ளை ஓரமும், சில சமயம் பல்பல்லாக வெட்டிய விளிம்பும் கொண்ட சிறிய கறுப்புவெள்ளைப் படமே அதற்குரியது. மூத்தவாப்பா சொன்னது இதைத்தான்.

அந்தக் கறுப்புவெள்ளையை மெய்யாக்குவன நான்கு. முதலாவது, தொனியின் ஏற்றத்தாழ்வு. டிஜிட்டல் உணரி நேர்க்கணக்குடையது. ஒளி இரட்டித்தால் அதன் சமிக்ஞையும் இரட்டிக்கும், எல்லை கடந்தால் திடீரென்று வெள்ளையாகிப் பயனற்றுப்போகும். பிலிமோ அப்படியன்று. 1890ஆம் ஆண்டில் ஹேர்ட்டர், டிரிஃபீல்ட் என்னும் இரு ஆய்வாளர் வரைந்து காட்டியவாறு, மங்கலில் மெல்லத் தொடங்கி, நடுவிலே நிமிர்ந்தேறி, பிரகாசத்தில் மெல்ல வளைந்து அடங்கும் ஒரு வளைகோட்டின் வழியே அது ஒளியை ஏற்கின்றது. மென்பொருளிலுள்ள ‘கேர்வ்ஸ்’ கருவியில் இதே வளைவை வரையலாம். பழைய தாளின் கருமை எப்போதும் முழுக் கருமையன்று. ஆதலின் அடிமுனையைச் சற்று உயர்த்தி, மேல்முனையைச் சற்றுத் தாழ்த்துதல் வேண்டும்.

இரண்டாவது, மணிகள். பிலிமிலுள்ள பளிங்குகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினவாயினும், அவை ஒழுங்கின்றிச் சிதறியும் குவிந்தும் கிடப்பதால், பெருப்பித்த படத்தில் மணல் தூவியதுபோலத் தோன்றும். இந்த மணல் நடுத்தரச் சாம்பல் நிறங்களில் மிகுதியாகவும், வெண்மையிலும் கருமையிலும் குறைவாகவும் புலனாகும். படம் முழுவதும் ஒரே சீராகப் புள்ளி தூவும் மலிவான பில்டர்களின் பொய் இங்கேதான் வெளிப்படுகின்றது.

மூன்றாவது, வில்லையின் சுபாவம். வில்லையினூடே சாய்ந்து வரும் கிரணம், அச்சாய்வுக் கோணத்தின் கோசைன் பெறுமானத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைந்துவிடும் என்பது ஒளியியல் விதி. நடுவிலிருந்து 30 பாகை விலகிய இடத்தில் 56 சதவீத ஒளியும், 45 பாகையில் 25 சதவீத ஒளியுமே எஞ்சும். மூலைகள் இருண்டிருப்பதன் காரணம் இதுவே. ஆதலின் அவ்விருள் நடுவிலிருந்து படிப்படியாகப் படரவேண்டும். கரிக்கட்டையால் வட்டமிட்டதுபோல் ஓரத்தில் மட்டும் நிற்கலாகாது.

நான்காவது, ஒளியின் கசிவு. கண்ணைப் பறிக்கும் வெயிலில் பம்பரின் குரோமியம் மின்னும்போது, அவ்வொளி பிலிமின் பசையை ஊடுருவிச் சென்று, பின்புறத்திலே மோதித் திரும்பி வந்து, தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய பிரபையை உண்டாக்கும். பின்னாட் பிலிம்களில் அதனைத் தடுப்பதற்கு ஒரு கரிய பூச்சு இடப்பட்டது. பழைய பிலிம்களில் அப்பூச்சு இல்லை, அல்லது போதியதாக இல்லை. கார்ப் படத்தில் இந்தப் பிரபையே உயிர்நாடி. முன்விளக்கு வளையத்திலும் பம்பரிலும் மட்டும் மின்னும் பகுதிகளைப் பிரித்தெடுத்துச் சற்றே மங்கலாக்கி மேலே படியவைத்தால், அறுபது ஆண்டு பின்னோக்கிச் சென்ற உணர்வு தானாகவே எழும்.

ஓடுகின்ற காரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சு தேசத்து லார்ட்டிக் என்னும் இளைஞர் 1910களின் முற்பகுதியில் எடுத்த பந்தயக் காரின் படமொன்றில், சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பின்னால் நிற்கும் மனிதரும் கம்பங்களும் எதிர்த்திசையில் சாய்ந்திருப்பர். அவரது கமராவில் ஒளியை அனுமதித்தது ஓர் ஒடுங்கிய பிளவு. அது தட்டின்மீது நகர்ந்து செல்லச் செல்லப் படத்தின் அடிப்பகுதி முன்னரும் மேற்பகுதி பின்னருமாகப் பதிவாயிற்று. அதற்குள் கார் முன்னே சென்றுவிட்டது. அவர் காரைத் தொடர்ந்து கமராவைத் திருப்பியதால் நின்றவர்கள் பின்னே சாய்ந்தனர். வியப்பு என்னவெனில், நம் கைத்தொலைபேசியின் உணரியும் வரிவரியாகவே படத்தை வாசிப்பதால், வேகமாகச் செல்லும் பஸ்ஸின் யன்னலிலிருந்து நாம் எடுக்கும் படத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து தோன்றுவதும் அதே காரணத்தினாலேயே.

வர்ணப் படத்தின் முதுமை முற்றிலும் வேறு கதை. அங்கே வெள்ளி கழுவி நீக்கப்பட்டு, மயில்நீலம், மஜெந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களே எஞ்சும். 1970களில் எடுத்த வர்ணப் படங்கள் பல, அல்மாரிக்குள் வெயில் படாமல் இருந்தும்கூட, செம்மை படர்ந்து வெளிறியிருப்பதைக் காணலாம். மூன்றில் மயில்நீலச் சாயமே அக்காலத்தில் இருளிலும் வெப்பத்திலும் முதலில் சிதைவது; சிவப்புக் கிரணத்தை விழுங்கவேண்டிய அச்சாயம் அழிந்ததும் சிவப்பு தடையின்றி வெளிப்படுகின்றது. நமது கரையோரத்தின் வெக்கையும் ஈரமும் அவ்வழிவை விரைவுபடுத்துவன. ஆகவே 1970களின் காரொன்றைப் பழமையாக்க விரும்புபவர் கபிலத்தையும் கறுப்புவெள்ளையையும் விட்டு, சிவப்பு வாய்க்காலின் கருமையை மட்டும் உயர்த்தி, நிழல்கள் செம்மையுறச் செய்தால் போதுமானது.

கலை இவ்வளவு நுட்பமாகிவிட்டால், அதனோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகின்றது. காரே ஒரு நாட்காட்டி என்பதை மறத்தலாகாது. மொறிஸ் மைனரின் முன்கண்ணாடி நடுவே கோடுபட்ட இரு துண்டுகளாயின் அது 1956க்கு முந்திய வடிவம். ஒரே வளைந்த கண்ணாடியாயின் பிந்தியது. முன்விளக்குகள் தாழ்ந்து கிறில்லின் இருபக்கத்தில் பதிந்திருந்தால் அது முதற்சில ஆண்டுகளுக்குரியது. இலக்கத் தகடும் பேசும்: ஆங்கில எழுத்துக்களைத் தாங்கிய தகடுகளுக்குப் பின், சிங்கள ‘ஶ்ரீ’ எழுத்துப் பொறித்த தகடு 1957 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும், அதனை எதிர்த்துத் தமிழ்ப் பிரதேசங்களிலே தார் பூசும் போராட்டம் நடந்ததும் இந்நாட்டுச் சரித்திரம். அழகுக்காக ஒரு தகட்டை அழித்தெழுதுபவர், தாம் அறியாமலே ஒரு சரித்திரச் சாட்சியின் வாயை அடைக்கின்றார். எனவே பழமையாக்கிய படத்தின் அடியிலோ பின்புறத்திலோ, எடுத்த உண்மையான ஆண்டையும், இது கணினியில் மாற்றப்பட்டது என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். மூலப் படத்தை ஒருபோதும் அழிக்காமல் தனியே பேணுதல் வேண்டும். ஜேபெக் வடிவிலுள்ள படத்தை மாற்றி மாற்றிச் சேமிக்குந்தோறும் அதன் நுணுக்கங்கள் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. ஆதலின் மாற்றங்கள் யாவும் பிரதியிலேயே நிகழட்டும்.

இதனை இவ்வளவு வலியுறுத்துவதற்கு நமது கரைக்கே உரிய ஒரு காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலையில் கடல் எழுந்து வந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. அன்று வீடுகளோடு அல்மாரிகளும், அல்மாரிகளோடு அல்பங்களும் போயின. உம்மாவின் கலியாணப் படம், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளில் உம்மம்மாவைச் சுற்றி நின்ற குடும்பப் படம், வாப்பா முதன்முதலாக வாங்கிய காரின் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஆகிய எதுவும் மீளவில்லை. எத்தனையோ குடும்பங்களில் மறைந்தவர்களின் முகத்தைக் காட்டுவதற்கு ஓர் ஒளிப்படமும் எஞ்சவில்லை. பொய்யாகப் பழமை செய்த படங்கள் பெருகி, மெய்யான பழமை அருகிவரும் ஊரில், நாளைய பிள்ளைகள் எதனை நம்புவார்கள்?

தண்ணீரில் நனைந்த படம் உடனே அழிந்துவிடுவதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். படத்தின் வெள்ளியையோ சாயத்தையோ தாங்கி நிற்பது ஜெலற்றின் என்னும் புரதப் பசை. நீரில் அது ஊறிப் பருத்து மென்மையாகின்றது. ஈரத்தில் கிடந்தால் பங்கசுக்கு உணவாகின்றது. உலரும்போது அடுத்த படத்தோடு ஒட்டிக்கொள்கின்றது. ஆகையால் நனைந்த படங்களை ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பிரித்து, முகத்தைத் தேய்க்காமல், குளிர்ந்த சுத்தமான நீரில் உப்பும் சேறும் போக அலசி, நிழலிலே முகம் மேல்நோக்க உலர்த்தல் வேண்டும். ஒட்டி உலர்ந்துவிட்டவற்றைப் பலவந்தமாகப் பிரித்தலாகாது. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி ஜப்பானைச் சுனாமி தாக்கிய பின்னர், யமமோட்டோ என்னும் கரையோர ஊரில் தொண்டர்கள் ஏறத்தாழ 7,50,000 படங்களைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி, டிஜிட்டல் பிரதி செய்து, உரியவர்களிடம் சேர்க்க முயன்றனர். முகங்கள் பாதி கரைந்த படங்களையும் அவர்கள் எறிந்துவிடவில்லை.

பழமையாக்கும் வித்தையின் மெய்யான பயன் இங்கேதான் கிட்டுகின்றது. மணியும் வளைவும் சாயத்தின் அழிவும் எவ்வாறு உண்டாகின்றன என்று அறிந்த கைக்கு, அவற்றைப் பின்னோக்கி நடத்தவும் தெரியும். செம்மை படர்ந்த 1970களின் படத்தில் சிவப்பு வாய்க்காலைத் தாழ்த்தினால் மறைந்த நீலம் திரும்புகின்றது. வெளிறிய கறுப்புவெள்ளையின் வளைவை நிமிர்த்தினால் வெளிறலில் மங்கிய முகம் வெளிப்படுகின்றது. புதியதைப் பழையதாக்கக் கற்ற நம் இளைஞர், அதே கல்வியினால் பழையதைக் காப்பாற்றவும் கற்றவராகின்றனர். ஒரு கலியாணத்திற்கு ஒரு கார்ப் படத்தைப் பழமையாக்குபவர், அந்த வீட்டிலுள்ள ஒரு மெய்யான பழைய படத்தையேனும் பிரதி செய்து கொடுப்பாராயின், அது அக்குடும்பத்திற்குச் செய்யும் நிலையான நன்மையாகும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றே அல்மாரியைத் திறந்து, ஒட்டும் பிளாஸ்டிக் தாள் அல்பங்களிலே இறுகிக்கிடக்கும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். வெயில் நேரே படாத யன்னலருகே தட்டையாக வைத்து, பிளாஷ் இன்றி, கமராவை நேர்மேலே பிடித்துப் பிரதி எடுங்கள். அப்பிரதிகளில் ஒன்றை உங்கள் வீட்டிலும், மற்றொன்றைக் கடலுக்கு அப்பால் வாழும் உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே, படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, அந்தக் கார் யாருடையது என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதிவையுங்கள். பிரதிக்குப் பழமை சேர்ப்பதா, அதன் வெளிறலை நீக்குவதா என்பதை அதன் பின்னர் ஆறுதலாக யோசிக்கலாம். பெயரும் ஆண்டும் சொல்லக்கூடியவர் நம்மை விட்டுப் போய்விட்டால், அவற்றைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் இயலாது.